சொன்னதைச் சொல்லும் கிள்ளை

கிள்ளை என்றால் கிளி என்பது நேயர்களுக்குத் தெரிந்த விஷயம். சிதம்பரத்தில் ரயிலேறிக் கடலூர்ப் பக்கமாகப் புறப்பட்டால், பரங்கிப்பேட்டைக்கு முன்னால் கிள்ளை என்றே ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். அந்த ஊரில் நாம் உபாத்தியாயர். "என்ன ஸார், கிள்ளையிலிருந்தா வருகிறீர்கள்? இந்த வருஷமும் போன வருஷம் சொன்னதையேதான் சொல்கிறீர்களா?" என்று சிதம்பரத்து நண்பர்கள் கேலி செய்வது வழக்கம். இருபது வருஷமாக நாமும் கூடச் சேர்ந்து சிரித்து வந்தோம். சென்ற ஐப்பசியில் அந்தக் கேலி மெய்யாகிவிட்டது. அதிலிருந்து சிரிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டிருக்கிறோம்.

விஷயம் ஒரு சோடாப் பாட்டிலில் ஆரம்பித்தது.

ஒன்பதாம் வகுப்புக்கு நொதித்தல் பாடம் நடத்த வேண்டியிருந்தது. கடையில் விற்கும் ஈஸ்ட் பொட்டலம் ஒன்றை வாங்கிச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டுக் காட்டினால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அன்று நமக்கு ஏதோ உற்சாகம் பிறந்துவிட்டது. "ஈஸ்ட் கடையில் பிறப்பதில்லை. அது மரத்திலும் பூவிலும் பழத்திலும் குடியிருக்கிற உயிர். பனம்பாளையில் வடிகிற சாறு பானைக்குள்ளேயே பொங்கிக் கள்ளாவது எதனால்? பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பொங்காமல் பதநீராக நிற்பது எதனால்? சுண்ணாம்பின் காரம் அந்தச் சிறு உயிர்களுக்கு ஆகாது" என்று வெளுத்து வாங்கினோம். தமிழ்நாட்டில் 1987-ம் வருஷத்திலிருந்து கள் இறக்கத் தடை இருக்கிறபடியால், இந்த உதாரணத்தை எந்தப் பையனும் நேரில் பரிசோதித்திருக்க மாட்டான் என்ற தைரியமும் நமக்கு உண்டு.

"இட்டிலி மாவு பொங்குவதும் ஈஸ்டினாலா ஸார்?" என்று ஒருவன் கேட்டான். அதில் முக்கியமாக வேலை செய்வது ஈஸ்ட் அல்ல, உளுந்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற பாக்டீரியா என்று சரியாகவே பதில் சொன்னோம். அந்தப் பதிலின் பெருமைதான் பின்னால் நம்மைக் கவிழ்த்துவிட்டதோ என்னமோ!

வெல்லத் தண்ணீரைக் குக்கரில் வைத்து நன்றாகக் காய்ச்சி, எலுமிச்சம் பழச் சாறு சில துளி விட்டு, மூன்று சோடாப் பாட்டில்களில் ஊற்றினோம். புளிப்பு இருந்தால் பாக்டீரியாவின் கொட்டம் அடங்கும். ஈஸ்ட் அதைப் பொருட்படுத்தாது. முதல் பாட்டிலில் ஒன்றும் போடவில்லை. இரண்டாவதில் பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் பூவரச மரத்துப் பட்டையில் ஒரு துணுக்கைப் போட்டோம். மூன்றாவதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தபோது, கடைசிப் பெஞ்சில் உட்காரும் பெண் ஒருத்தி, உப்பனாற்றங்கரையில் ஒதுங்கிக் கிடந்ததாகச் சொல்லி ஒரு சுரபுன்னைக் குச்சியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று பாட்டில்களின் வாயிலும் மூன்று பலூன்களை மாட்டி, ஜன்னலோரம் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மூன்றாம் நாள் காலையில் முதல் பலூன் துவண்டு கிடந்தது. பூவரசம் பலூன் பாதி எழுந்திருந்தது. சுரபுன்னைப் பலூனோ தலைமை ஆசிரியருக்கு ஸலாம் போடுவது போல் நிமிர்ந்து நின்றது. தலைமை ஆசிரியரும் அப்போது உண்மையிலேயே வாசலில் நின்றுகொண்டிருந்தார். வராந்தாவில் நடந்து வந்தவர் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு, "இந்த அறையில் என்ன வாசனை?" என்று கேட்டார். விஞ்ஞான வாசனைதான் என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் முதல் மணி அடித்துவிட்டது.

நமது பள்ளிக்கூடத்தில் ஒரு பூதக் கண்ணாடி இருக்கிறது. பழையதுதான், ஆனால் நல்ல ஜாதி. சுரபுன்னைப் பாட்டிலிலிருந்து ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்க்கச் செய்தோம். முட்டை வடிவத்தில் சிறு சிறு செல்கள். சில முட்டைகளின் தோளில் இன்னும் சின்னதாக ஒரு முட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி மொட்டு விட்டுத்தான் பெரும்பாலான ஈஸ்ட்கள் பெருகும். டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி லேவன்ஹூக், 1680-ம் வருஷம் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வழியாகப் பீர்த் துளியில் பார்த்தவையும் இந்த உருண்டைகளைப் போன்றவைதாம்.

குச்சி கொண்டுவந்த பெண் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, "இதும் பேரு என்னா ஸார்?" என்று கேட்டாள்.

"சாக்கரோமைசிஸ் செரிவிசியே!" என்றோம்.

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கரும்பலகையிலும் எழுதினோம். அவள் அதைப் பார்த்து, எழுத்துப் பிழையில்லாமல் ஒரு லேபிலில் எழுதிப் பாட்டிலில் ஒட்டினாள். ரொட்டிக்கடை ஈஸ்டின் பெயர் அது. புத்தகத்தில் ஈஸ்ட் என்று வருகிற இடத்திலெல்லாம் அந்த ஒரு பெயர்தான் வரும். இருபது வருஷமாக அதைத்தான் சொல்லி வந்திருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை நம்மிடம் முன்னொரு காலத்தில் படித்த பிள்ளை ஒருவர் நம்மைப் பார்க்க வந்தார். இப்போது பரங்கிப்பேட்டையில் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மாணவர். பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலோடு கலக்கிற இடத்தில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் இருப்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா அதை ஸ்தாபித்தார். நமது பழைய மாணவர் ஜன்னலோரத்துப் பாட்டிலைப் பார்த்தார், லேபிலைப் படித்தார், மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"செரிவிசியே என்று எப்படித் தெரிந்தது ஸார்?"

"மொட்டு விடுகிறதே! வெல்லத்தைப் பொங்க வைக்கிறதே!"

"மொட்டு விடுகிற ஈஸ்ட் எத்தனையோ இருக்கிறது ஸார். சர்க்கரையைப் பொங்க வைப்பதும் எத்தனையோ இருக்கிறது. 1998-ல் வந்த பெரிய ஈஸ்ட் புத்தகத்தில் சுமார் 700 இனங்கள். 2011-ல் வந்த அடுத்த பதிப்பில் சுமார் 1,500. இது மரத்திலிருந்து வந்ததாயிற்றே! அதிலும் உப்புத் தண்ணீரில் நிற்கிற மரம்."

நமக்குச் சுருக்கென்றது. நம்மிடம் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளை நம்மைக் கேள்வி கேட்கிறதே என்று ஒரு பக்கம் கோபம். கேள்விக்குப் பதில் இல்லையே என்று இன்னொரு பக்கம் வெட்கம். இரண்டையும் மறைக்கக் காப்பி வரவழைத்தோம். காப்பியைக் குடித்துக்கொண்டே, ஒரு ஈஸ்டுக்குச் சரியான பெயர் சொல்வதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று அவர் விவரித்தார். அரை மணி நேரம் நாம் மாணவராக இருந்தோம்.

முதலில் பட்டையையோ இலையையோ பிசினையோ கொஞ்சம் எடுத்துப் புளிப்பூட்டிய சத்து நீரில் ஊற வைக்கவேண்டும். பிறகு கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் என்ற பசையை வார்த்த தட்டில், நுனி வளைந்த கம்பியால் அந்த நீரைக் கோடு கோடாக இழுக்க வேண்டும். கோடு நீள நீளச் செல்கள் விலகிப் போய், கடைசியில் ஒரே செல்லிலிருந்து ஒரு புள்ளி முளைக்கும். ஒரே செல்லிலிருந்து ஒரு குடும்பத்தையே வளர்க்கும் இந்த வித்தையை 1883-ல் ஈஸ்டுக்குக் கைவரச் செய்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுச்சாலையில் இருந்த ஹான்ஸன். அதற்கு முன் எல்லோரும் கும்பலைப் பார்த்து ஆளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் செய்தது போலத்தான்.

புள்ளி முளைத்த பிறகு அதன் வழக்கங்களை விசாரிக்க வேண்டும். எந்தெந்தச் சர்க்கரையைத் தின்னும், எதைத் தின்னாது? பொங்க வைக்கிறதா என்று பார்க்க, குழாய்க்குள் குட்டிக் குழாய் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் அதில் வாயு சேரும். எத்தனை சூடு தாங்கும், எத்தனை உப்புத் தாங்கும்? வித்து உண்டாக்குகிறதா, உண்டாக்கினால் அந்த வித்து உருண்டையா, தொப்பி போலவா? முற்காலத்தில் இவ்வளவோடு பெயர் வைத்துவிடுவார்கள். ஆனால் அங்கேதான் ஆபத்து. ஒரே பழக்கமுள்ள இரண்டு ஈஸ்ட்கள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாமலிருக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்ற இரண்டு வெவ்வேறு சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். பழக்கத்தைப் பார்த்துக் கோத்திரம் சொல்ல முடியாது.

ஆகையால் இப்போது ஏட்டைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு உயிருக்குள்ளும் டி.என்.ஏ. என்ற சங்கிலி இருப்பதும், அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டிருப்பதும் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அந்த ஏட்டில் சுமார் 600 எழுத்துக்கள் கொண்ட ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் படித்து, ஏற்கெனவே தெரிந்த ஈஸ்ட்களின் அதே பகுதியோடு ஒப்பிடுவார்கள். 1998-ல் அமெரிக்காவில் கர்ட்ஸ்மன், ராப்னெட் என்ற இருவர் சுமார் 500 ஈஸ்ட் இனங்களின் இந்தப் பகுதியைப் படித்து வரிசைப்படுத்தினார்கள். மூன்று எழுத்து வரையில் வேற்றுமை இருந்தால் பெரும்பாலும் ஒரே இனம். ஆறு எழுத்தோ அதற்கு மேலோ வேறுபட்டால் பெரும்பாலும் தனி இனம் என்று அவர்கள் கண்ட கணக்கை இன்றும் முதல் சோதனையாகக் கொள்கிறார்கள்.

இது நமக்கு உடனே விளங்கியது. டாக்டர் சாமிநாதையரவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைச் சேகரித்து, ஒரு ஏட்டுக்கும் இன்னொரு ஏட்டுக்கும் உள்ள பாடபேதங்களைக் குறித்து, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று நிர்ணயித்தது போன்ற வேலை அல்லவா இது? 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது ஒரே ஒரு பிரதியை நம்பி அவர் காரியத்தை முடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாம் ஒரு பிரதியைக்கூடப் பார்க்கவில்லை. அட்டையைப் பார்த்துப் புத்தகத்தின் பெயரைச் சொல்லிவிட்டோம்.

"மரத்தில் எத்தனை இருக்கும்?" என்று கேட்டோம். பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டது. ஆனால் அவர் சொன்ன பதில் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. 52 மரங்களின் பட்டையிலிருந்து ஹைதராபாத் ஆராய்ச்சியாளர்கள் 239 ஈஸ்ட் வளர்ப்புகளைப் பிரித்தெடுத்து, 2008-ல் அந்த ஆராய்ச்சியை வெளியிட்டிருக்கிறார்கள். மரத்தின் சாறும் பட்டையின் வெடிப்பும் இலையின் மேற்பரப்பும் இந்த உயிர்களுக்கு அக்கிரகாரமும் கடைவீதியும் மாதிரி. பிச்சாவரத்துச் சுரபுன்னை இலைகளின் உள்ளே வாழும் பூஞ்சைகளைச் சென்னையைச் சேர்ந்த டி. எஸ். சூரியநாராயணன் முதலியோர் ஆராய்ந்து 1998-ல் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ளாரிடா சதுப்பு நிலத்திலும் பஹாமாஸ் தீவுகளிலும் இதே மாதிரியான உவர்க்காடுகளில் கிடைத்த ஒரு ஈஸ்டுக்குக் குவோனியெல்லா மாங்ரோவியென்சிஸ் என்று 2008-ல் பெயர் வைத்தார்கள். உவர்க்காடு என்ற அர்த்தம் அந்தப் பெயரிலேயே ஒலிக்கிறது.

போகும்போது, "நாளைக்குப் படகில் போய் வரலாமா ஸார்? பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் மனத்தில் என்ன இருந்ததென்று அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு பிள்ளைகளோடு பிச்சாவரத்தில் துடுப்புப் படகுகளில் ஏறினோம். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டைப் பற்றி நாம் வர்ணிக்கப்போவதில்லை. 1975-ல் 'இதயக்கனி' படத்தில் பார்த்தவர்கள் பார்த்திருப்பார்கள். கால்வாய் குறுகக் குறுக, இரு கரையிலிருந்தும் சுரபுன்னையின் ஊன்று வேர்கள் சிலந்திக் கால்களைப் போல் தண்ணீருக்குள் இறங்கியிருந்தன. தில்லை மரங்கள் சற்று மேட்டில் நின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரத்தை இப்போது பார்க்க வேண்டுமானால் சிதம்பரத்தை விட்டு இங்கேதான் வரவேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்று பிள்ளைகளை எச்சரித்தோம்.

ஒரு திருப்பத்தில், மற்றச் சுரபுன்னைகளைவிட உயரமாக ஒரு மரம் நின்றது. நமக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. "பிள்ளைகளே, பாருங்கள்! ரைசோபோரா அண்ணாமலையானா! நம்முடைய பிச்சாவரத்தில் கண்டுபிடிக்கப்பட்ட தனி இனம்" என்றோம்.

பழைய மாணவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகோட்டி துடுப்பை நிறுத்திவிட்டு, "அந்த மரம் காய் வைக்கிறதே அபூர்வம் ஸார். மத்ததெல்லாம் முருங்கைக்காய் மாதிரி தொங்கவிடும். இது பூ பூக்கும், அத்தோட சரி" என்றார்.

"அவர் சொல்வதில்தான் ஸார் விஷயமே இருக்கிறது" என்று மெள்ளச் சொன்னார் பழைய மாணவர்.

பிறகு நாம் தெரிந்துகொண்ட கதை இது. பிச்சாவரத்தில் இரண்டு சுரபுன்னைகள் உண்டு. ரைசோபோரா அபிகுலேட்டா சிற்றிலைக்காரி; பூக்களை இரண்டிரண்டாக வைக்கும். ரைசோபோரா முக்ரோனேட்டா பேரிலைக்காரி. காயும் அதிக நீளம். இரண்டுக்கும் நடுவான சாயலுடைய அந்த மூன்றாவது மரத்தை முதலில் வேறு தேசத்து மரமான ரைசோபோரா லமார்க்கி என்று எண்ணினார்கள். பரங்கிப்பேட்டைப் பேராசிரியர் கே. கதிரேசன் அது அதுவல்ல என்று கண்டு, 1995-ல் புது இனமாக வர்ணித்து, அண்ணாமலையின் பெயரைச் சூட்டினார். இரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் ஏட்டைப் பிரித்துப் பார்த்தபோது, அது அந்த இரண்டு சுரபுன்னைகளுக்கும் பிறந்த கலப்பு மரம் என்று தெரிந்தது. கலப்பானபடியால்தான் அது உயரமாக வளர்ந்தும் காய்ப்பது அபூர்வமாயிருக்கிறது. 1999-ல் அதே கதிரேசன் அவர்களே, தாம் வைத்த பெயரின் நடுவில் கலப்பைக் குறிக்கும் பெருக்கல் குறியைப் போட்டு மறுபடி பிரசுரம் செய்தார். இலங்கையிலும் பிறகு அந்தக் கலப்பு மரத்தைக் கண்டார்கள்.

ஒரு சின்னப் பெருக்கல் குறி. நாம் 1999-க்கு முன் வந்த ஒரு குறிப்பைப் படித்துவிட்டு, அந்தக் குறியைக் காணாமலே எத்தனையோ வகுப்புகளுக்குத் 'தனி இனம்' என்று ஒப்பித்து வந்தோம். பெயர் வைத்தவர் திருத்திக்கொண்டுவிட்டார். கேட்டுச் சொன்ன கிள்ளை திருத்திக்கொள்ளவில்லை.

படகு திரும்பும்போது பழைய மாணவர் நம்மைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, உலகம் முழுவதுமே இப்படி ஏமாந்திருந்த ஒரு ஈஸ்ட் கதையைச் சொன்னார். ஐரோப்பாவில் குளிரில் ஊறவைத்துத் தயாரிக்கும் லாகர் என்ற பீரில் வேலை செய்கிற ஈஸ்டும் ஒரு கலப்புத்தான். ஒரு பெற்றோர் நமது லேபிலில் இருந்த செரிவிசியே. இன்னொரு பெற்றோர் யார் என்று வெகு காலம் யாருக்கும் தெரியவில்லை. 2011-ல் லிப்கைண்ட் என்ற அர்ஜன்டைனா விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும், தென் அமெரிக்காவின் கோடியில் படகோனியாக் காட்டில், நோத்தோஃபாகஸ் மரங்களில் முளைக்கிற ஆரஞ்சு நிறப் பூஞ்சை உருண்டைகளில் ஒரு ஈஸ்டைக் கண்டார்கள். அதன் ஏட்டை லாகர் ஈஸ்டின் மறு பாதியோடு ஒப்பிட்டபோது 100-க்கு 99.5 பங்கு ஒத்திருந்தது. சாக்கரோமைசிஸ் யூபயானஸ் என்று அதற்குப் பெயர். பிற்பாடு அது திபேத்திலும் கிடைத்தது. பீர் செய்கிற பட்டணங்களில் நூற்றாண்டுக் கணக்காக வேலை செய்த உயிரின் பெற்றோரில் ஒருவர், யாரும் எட்டிப் பாராத காட்டு மரத்தில் இருந்திருக்கிறார்! சுரபுன்னைக் கலப்பைப் போலவே அந்த லாகர் ஈஸ்டும் வித்து வைக்கத் தடுமாறுவதுதான். மதுவை வெறுக்கும் நமக்கும் இந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது.

கரையோரத்தில் இருளர் பெண்கள் சிலர் முழங்காலிட்டுத் தண்ணீருக்குள் கையாலேயே துழாவி இறால் பிடித்து, பல்லால் கவ்விய கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். குச்சி கொண்டுவந்த பெண் எழுந்து நின்று கையை ஆட்டினாள். "எங்க ஆயா" என்றாள். அந்த ஆயா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். இறாலைப் பார்த்ததும் பழைய மாணவருக்கு இன்னொன்று நினைவு வந்தது. இறாலை வேகவைத்தால் சிவக்கிறதே, அந்தச் சிவப்புக்கு அஸ்டாஸாந்தின் என்று பெயர். அதே சாயத்தைத் தானே தயாரிக்கிற ஈஸ்ட் ஒன்று உண்டு. ஹாலந்தில் பிறந்து கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த ஹெர்மன் ஃபாஃப், 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானிலும் அமெரிக்காவின் வடமேற்கு மலைகளிலும் மரங்களிலிருந்து கசிகிற சாற்றில் அதைக் கண்டெடுத்தார். 1976-ல் அந்தச் சிவப்பு ஈஸ்டின் குலத்துக்கே ஃபாஃபியா என்று அவர் பெயரை வைத்தார்கள். வளர்ப்பு மீன்களுக்கு நிறம் ஊட்டுவதற்காக அதை இன்று தொட்டி தொட்டியாக வளர்க்கிறார்கள். மரத்தில் வடிந்த சாற்றை ஒருவர் துடைத்துப் போடாமல் தட்டில் இழுத்துப் பார்த்ததன் பலன் அது.

"புதுசா ஒண்ணு கெடைச்சா நம்ம ஊர் பேரு வைக்கலாமா ஸார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். வைக்கலாம் என்றார் பழைய மாணவர். ஹைதராபாத் திராட்சையில் கிடைத்தது காண்டிடா ஹைதராபாதென்சிஸ் ஆயிற்று. அஸ்ஸாமில் திக்பாய் எண்ணெய்க் கழிவில் கிடைத்தது காண்டிடா திக்பாயென்சிஸ். ராஜஸ்தானில் கிடைத்த கிரிப்டோகாக்கஸ் ராஜஸ்தானென்சிஸ் 2007-ல் பெயர் பெற்றது. 2015-ல் உறவு முறையை மறுபடி பார்த்து அதைப் பாப்பிலியோட்ரிமா என்ற வேறு குலத்துக்கு மாற்றிவிட்டார்கள். குலம் மாறினாலும் ராஜஸ்தானத்தின் பெயர் மட்டும் போகவில்லை.

ஆனால் பெயர் வைப்பது பிள்ளைக்கு வைப்பது போல் காதில் மூன்று தடவை சொல்லி முடிகிற சடங்கல்ல. பழைய பெயர் எதுவும் பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். லக்ஷணங்களை எழுத வேண்டும். 2011 வரையில் அதை லத்தீன் பாஷையில்தான் எழுதியாக வேண்டும். 2012-ம் வருஷம் முதல் ஆங்கிலமும் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். தமிழுக்கு இன்னும் அந்தச் சலுகை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 'இதுதான் அது' என்று பின்னால் வருகிற எவரும் எடுத்துப் பார்க்கும்படி மூலப் பிரதி ஒன்றை வைக்க வேண்டும். அதை வளர விடாமல், உறைய வைத்தோ உலர்த்தியோ உறங்கும் நிலையில் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. வளர்ந்துகொண்டே இருந்தால் மாறிக்கொண்டே போய்விடுமல்லவா?

அந்த மூலப் பிரதிகள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் நமக்கு நெஞ்சு கனத்தது. வெகு காலம் உலகத்து ஈஸ்ட்களின் பெரிய களஞ்சியம் ஹாலந்து தேசத்தில் இருந்தது. இன்றும் அங்கே உட்ரெக்ட் நகரத்தில் இருப்பது பெரிய களஞ்சியந்தான். நம் நாட்டு மரங்களின் காய்ந்த கிளைகள் எத்தனையோ லண்டனுக்குப் பக்கத்தில் க்யூ தோட்டத்து அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கடல் கடந்து போனவர்கள் உண்டு. ஹாலந்துக்காரர் பாதுகாத்த அருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் பாதுகாத்திராவிட்டால் பல உயிர்களுக்கு விலாசமே இருந்திராது. ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளையின் ஜாதகம் அடுத்த வீட்டுப் பெட்டியில் மட்டும் இருப்பானேன்? இந்தியாவில் சண்டிகரில் 1986 முதல் நுண்ணுயிர்க் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 2002-ம் வருஷத்து உயிரிப் பல்வகைமைச் சட்டப்படி, புது இனம் ஒன்றைக் கண்டவர் அதன் மாதிரியை இந்நாட்டில் அதற்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் ஒப்படைத்தே ஆகவேண்டும். வெளிநாட்டிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளட்டும். ஒரு வீடு எரிந்தால் இன்னொரு வீட்டில் இருக்கும்.

திங்கட்கிழமை காலை வகுப்பில் நுழைவதற்கு நமக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. வேறு பாடத்தை ஆரம்பித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஒருவரும் கேட்கப் போவதில்லை. பரீட்சையில் வந்தாலும் செரிவிசியே என்று எழுதினால்தான் மார்க். ஆனால் கடைசிப் பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். படகில் எல்லாவற்றையும் கேட்டவள்.

"சென்ற வாரம் நாம் ஒரு பெயர் சொன்னோம். அது தெரிந்து சொன்னதல்ல, பழக்கத்தில் சொன்னது. அந்தப் பாட்டிலில் இருப்பது என்னவென்று நமக்குத் தெரியாது. சுரபுன்னை மரத்தைப் பற்றியும் தப்பாகச் சொன்னோம்" என்றோம். நாக்கு ஒரு தடவை உலர்ந்தது. பையன்களில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

அந்தப் பெண் எழுந்து ஜன்னலோரம் போய், பாட்டிலிலிருந்த லேபிலை நகத்தால் சுரண்டினாள். பாதி வந்தது, 'செரி' மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் தொட்டு அதையும் எடுத்தாள். புது லேபிலை எடுத்துக்கொண்டு, "என்னா எழுதறது ஸார்?" என்றாள்.

"உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது, அம்மா."

அவள் எழுதினாள்: மரம், சுரபுன்னை. இடம், கிள்ளை, உப்பனாற்றங்கரை. எடுத்த தேதி. எடுத்தவள் பெயர். ஈஸ்டின் பெயர் என்று எழுதிவிட்டு, எதிரே ஒரு கோடு இழுத்தாள். எந்தச் சுரபுன்னை என்று நாம் கேட்டோம். குச்சியில் இலை இல்லையே என்றாள். சரிதான் என்று சும்மா இருந்துவிட்டோம்.

பழைய மாணவர் சனிக்கிழமை புறப்படும்போதே பாட்டிலிலிருந்து ஒரு துளி எடுத்துப் போயிருந்தார். பத்து நாள் கழித்து அகர் தட்டு ஒன்றை, மூடி மேல் பட்டை ஒட்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினார். ஏட்டைப் படிக்க மாதங்கள் ஆகலாம் என்றும், முன்பே பெயருள்ளவையாக இருப்பதற்கே இடம் அதிகம் என்றும், ஆசை வைக்க வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கோடு முடிகிற இடத்தில் புள்ளிகள் முளைத்திருந்தன. சில பால் வெள்ளை, வழவழப்பு. சில மங்கிய வெண்ணெய் நிறம், ஓரம் சுருங்கியவை. ஓரமாக இரண்டு புள்ளிகள் வெந்த இறாலின் நிறம்.

பெண் தலையைச் சாய்த்து எண்ணினாள்.

"ஒண்ணு இல்ல ஸார், மூணு இருக்கு. இன்னும் ரெண்டு லேபில் வேணும்."

நம்மிடம் லேபில் தீர்ந்து போயிருந்தது. மாலையில் கடைத்தெருவுக்குப் போய், ஒரு தாளில் பன்னிரண்டு உள்ளதாகப் பார்த்து வாங்கி வந்தோம்.